மௌத்துக்குப் பின் ஓடிவரும் சமுதாயம், அதற்கு முந்தைய மாதங்களில் எங்கே?

2025 ஜனவரி 30 அன்று கர்நாடக அரசின் சுகாதாரத்துறை ஓர் உத்தரவை வெளியிட்டது. குணமாகும் வாய்ப்பு இல்லாத நோயாளிகளுக்கு உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறையை மருத்துவமனைகளில் செயல்படுத்துவதற்கான உத்தரவு அது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் ‘கருணைக் கொலை’ என்ற சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. முஸ்லிம் குடும்பங்களில் அதைக் கேட்டவுடன், "அது நமக்கு ஹராம்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம்.

கருணைக் கொலை ஹராம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பேச்சு அங்கே முடிந்துவிடுவதுதான் பிரச்சினை. ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் முற்றிய புற்றுநோயிலோ, செயலிழந்த சிறுநீரகத்தோடோ, படுக்கையில் தள்ளிய பக்கவாதத்திலோ கிடக்கும்போது, குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி "கொல்லலாமா?" என்பதல்ல. வலியை எப்படிக் குறைப்பது, வென்டிலேட்டர் வைக்கச் சொல்வதா, வீட்டுக்கு அழைத்துப் போனால் யார் பார்ப்பது, அவரிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பவையே உண்மையான கேள்விகள். இவற்றுக்கு விடை தேட நம் குடும்பங்களுக்கு இன்று துணை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் முதல்முறையாக இந்த விஷயத்தில் வழிகாட்டுதல் அளித்தது. 1973இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்த அவர், 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் செவிலியர்களின் பராமரிப்பில் இருந்து 2015இல் காலமானார். அவருக்குச் சிகிச்சையை நிறுத்தும் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கடுமையான நிபந்தனைகளோடு உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம் என்ற கொள்கையை ஏற்றது.

அடுத்து 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருவர் சுயநினைவோடு இருக்கும்போதே தன் இறுதிக்காலச் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நடைமுறை மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். கருவிகளை நிறுத்துவதற்கு முன் மருத்துவமனையில் ஒரு முதன்மை மருத்துவக் குழுவும், அதன் பிறகு இரண்டாவது மருத்துவக் குழுவும் தனித்தனியாக நோயாளியின் நிலையைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். முன்கூட்டியே எதுவும் எழுதிவைக்காதவர்களுக்கும் இதே குழுக்கள்தான்.

ஆகவே ஊசி போட்டு உயிரைப் போக்குவதை எந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை. அது இந்தியாவில் இன்றும் குற்றம். நீதிமன்றம் பேசுவது, பலன் தராது என்று மருத்துவர்களே உறுதிசெய்த கருவிகளைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதைப் பற்றி மட்டுமே.

மார்க்கம் எங்கே நிற்கிறது?

உயிர் அல்லாஹ்வின் அமானிதம். அதை நாமே முடித்துக்கொள்ளவோ, பிறர் முடித்துவைக்கவோ அனுமதியில்லை. துன்பத்தின் காரணமாக மரணத்தை ஆசைப்படுவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாழ்வது நன்மையாக இருக்கும்வரை வாழவைக்கவும், மரணம் நன்மையாக இருக்கும்போது மரணிக்கச்செய்யவும் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைத்து துஆ கேட்கக் கற்றுத்தந்தார்கள்.

ஆனால் எந்த நிலையிலும், எந்தச் சிகிச்சையையும், எவ்வளவு வேதனையானாலும் செய்தே தீர வேண்டும் என்றும் மார்க்கம் சொல்லவில்லை. சிகிச்சை பெறுவதை நபியவர்கள் ஊக்குவித்தார்கள். அதே சமயம் வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்மணிக்கு, பொறுமையோடு இருப்பது, குணமாக துஆ செய்யச் சொல்வது என்ற இரண்டையும் முன்வைத்து, அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் இது. நோயின் தன்மை, சிகிச்சையின் பலன், நோயாளியின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து சிகிச்சை கடமையாகவும், விரும்பத்தக்கதாகவும், வெறும் அனுமதிக்கப்பட்டதாகவும் அமையும் என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

நவீன கருவிகள் பற்றியும் உலமாக்கள் பேசியிருக்கிறார்கள். மூளையின் செயல்பாடு முழுவதுமாக, மீள முடியாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் உறுதிசெய்தால் உயிர்காக்கும் கருவிகளை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் கூடியபோது தீர்மானித்தது. பலனில்லை என்று மூன்று மருத்துவர்கள் ஒருமித்துச் சொன்னால், இதயம் நின்றபின் மீண்டும் இயக்கும் முயற்சியைச் செய்யாமல் விடலாம் என்று சவூதி அரேபியாவின் ஃபத்வா குழு 1980களின் இறுதியில் ஃபத்வா வழங்கியது. மூளைச் சாவு விஷயத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு நோயாளியின் நிலையும் வேறு. எனவே நம் ஊர் ஆலிமையும், சிகிச்சை தரும் மருத்துவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துக் கேட்பதே சரியான வழி. உணவு, தண்ணீர், சுத்தம், வலி நிவாரணம் ஆகிய அடிப்படைப் பராமரிப்பை வேண்டுமென்றே நிறுத்துவதற்கு மட்டும் இதில் எங்கும் இடமில்லை.

ஐ.சி.யூ. வாசலில் எடுக்கப்படும் முடிவு

நடைமுறையில் நடப்பது என்ன? நள்ளிரவில் மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு படிவத்தை நீட்டி, "வென்டிலேட்டர் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மகனுக்கு போன் போகிறது. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, அத்தாவைக் காப்பாத்தச் சொல்லுங்க" என்கிறார் அவர். பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்ச்சிதான் அந்த வார்த்தை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இந்தக் கருவி குணமாக்குமா அல்லது முடிவைச் சில நாள் தள்ளிப்போடுமா என்பதை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

சில நாட்களில் நகை அடகுக்குப் போகிறது. பணம் தீர்ந்ததும் "சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மருத்துவமனை மொழியில் இதற்கு ‘லாமா’ என்று பெயர். இந்தியாவில் இறுதிக்கட்ட நோயாளிகள் பலருக்கு நடப்பது இதுதான். கையில் வலி மாத்திரை இல்லை, மூச்சுத்திணறலுக்கு மருந்து இல்லை, கூப்பிட ஒரு செவிலியர் இல்லை. மருத்துவமனையில் எல்லாமே செய்யப்பட்டது, வீட்டில் எதுவுமே செய்யப்படவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சேவைதான் பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய் ஆதரவு சிகிச்சை.

இதை ‘கைவிட்ட கேஸுக்குத் தரும் சிகிச்சை’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள், கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றனர். ஆனாலும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மாதம் அதிகமாக வாழ்ந்தனர்.

மருந்து இருந்தும் தீராத வலி

உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுவதாகவும், அவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கே அது கிடைப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மரணத்தின் தரம் குறித்து 2010இல் 40 நாடுகளை ஒப்பிட்ட பட்டியலில் இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. 2015இல் 80 நாடுகளில் 67ஆவது இடம்.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் மார்ஃபின் தட்டுப்பாடு. கடும் புற்றுநோய் வலிக்கு மலிவான, நம்பகமான மருந்து அது. அதற்கு மூலப்பொருளான அபினியை அரசு உரிமத்தோடு பயிரிடும் நாடு இந்தியா. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், உரிமம் பெறும் சிக்கலுக்கும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பதையே நிறுத்தின. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவப் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதாக வைத்திருக்க வழி செய்யப்பட்டது. ஆனாலும் மருந்து எல்லா ஊர்களுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை.

நம் வீடுகளில் இன்னொரு தயக்கமும் சேர்கிறது. "மார்ஃபின் போதை ஆச்சே, ஹராம் இல்லையா?" போதைக்காக உட்கொள்வது வேறு, மருத்துவர் அளந்து தரும் வலி நிவாரணம் வேறு. தேவையின் அளவுக்கு மருந்தாகப் பயன்படுத்துவதை அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். வலி தணிந்தால்தான் ஒரு நோயாளி நிம்மதியாகத் தொழ முடியும், திக்ர் செய்ய முடியும், பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேச முடியும். நோய் பாவங்களைக் கழுவும் என்பது நோயாளிக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. வலியைத் தீர்க்காமல் விடுவதற்கு மற்றவர்கள் அதைச் சாக்காகச் சொல்லக்கூடாது.

மறைக்கப்படும் உண்மை

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க." இதைச் சொல்லாத குடும்பம் அபூர்வம். அன்பினால்தான் மறைக்கிறோம். ஆனால் ஒரு முஸ்லிம் நோயாளி இதனால் இழப்பது என்னவென்று பாருங்கள். அடைக்க வேண்டிய கடன், கொடுக்காமல் நிற்கும் மஹர், பேசாமல் இருக்கும் தம்பியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, எழுத வேண்டிய வஸிய்யத், தவ்பா. இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மரணத்தைப் பற்றிப் பேசினால் மரணம் வந்துவிடும் என்ற அச்சம் நமக்கு உண்டு. சஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்று, இனி பிழைக்க மாட்டோம் என்று எண்ணினார்கள். நலம் விசாரிக்க வந்த நபி (ஸல்) அவர்களிடம் தம் சொத்தை வஸிய்யத் செய்வது பற்றிக் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வாரிசுகளைத் தேவையற்றவர்களாக விட்டுச்செல்வதே நல்லது என்று நபியவர்கள் விளக்கினார்கள். இன்று நாம் கடைப்பிடிக்கும் வஸிய்யத் சட்டம் ஒரு நோயாளியின் படுக்கையருகே நடந்த உரையாடலிலிருந்து கிடைத்தது. அந்த நோயிலிருந்து சஅத் (ரலி) அவர்கள் குணமடைந்து, பல ஆண்டுகள் வாழ்ந்து, காதிஸிய்யா போரில் தலைமை தாங்கினார்கள்.

நோயாளியின் விருப்பத்தை மதிப்பதற்கும் நபியவர்களின் இறுதி நாட்களிலேயே பாடம் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் தங்க நபியவர்கள் விரும்புவதை உணர்ந்து மற்ற மனைவியர் அனுமதித்தார்கள். அந்த நோயின்போது வாயோரத்தில் மருந்து ஊற்ற வந்தபோது, வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிகள் மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணி ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. நோயாளி "வேண்டாம்" என்றால், அதை வெறும் அடம் என்று தள்ளாமல் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

கடைசி நாட்களில் வீட்டில்

குடும்பங்களை மிகவும் வாட்டுவது, நோயாளி சாப்பிட மறுப்பது. "பட்டினி போட்டுக் கொல்றோமோ" என்று மகள்கள் அழுகிறார்கள். உடல் ஓய்ந்துவரும் கடைசி நாட்களில் பசியும் தாகமும் தாமாகவே குறைகின்றன. அப்போது வற்புறுத்தி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் மூச்சுத்திணறல் வரலாம். கொடுக்காமல் விடுவது வேறு, உடல் ஏற்காதபோது திணிக்காமல் இருப்பது வேறு. கேட்டால் கொடுங்கள், உதட்டையும் வாயையும் ஈரத்துணியால் நனையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்படுக்கவைத்து படுக்கைப்புண் வராமல் பாருங்கள்.

கேட்கும் திறன் கடைசிவரை நீடிக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே படுக்கையைச் சுற்றி நின்று செலவையும் சொத்தையும் பேசாதீர்கள். மெதுவாகக் குர்ஆன் ஓதுங்கள். கலிமாவை அருகில் மென்மையாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்து நெருக்கக் கூடாது என்பது உலமாக்களின் அறிவுரை.

இத்தனையையும் பெரும்பாலும் ஒரே பெண்தான் செய்கிறார். மனைவி, மகள் அல்லது மருமகள். இரவில் தூங்காமல், வெளியே போகாமல், மாதக்கணக்கில். நலம் விசாரிக்க வருபவர்களுக்கு டீயும் அவர்தான் போடுகிறார். நோயாளியைப் பற்றி எல்லோரும் கேட்கிறோம். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அவரிடம் கேட்பவர் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் ஒரு பாடம்

1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் வலி மற்றும் ஆதரவு சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களே அதிகம் என்பது விரைவிலேயே தெரிந்தது. அதனால் சிகிச்சையைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ‘அண்டை அயலார் வலைப்பின்னல்’ வேரூன்றிய இடங்களில் முதன்மையானது மலப்புரம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், வளைகுடாப் பணத்தால் நிமிர்ந்த, மஹல்லா அமைப்பு வலுவாக உள்ள மாவட்டம் அது.

உள்ளூர்த் தன்னார்வலர்கள் பயிற்சி பெறுகிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி தங்கள் பகுதியின் படுக்கை நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறார்கள். மக்களிடம் திரட்டும் சிறு தொகைகளில் செவிலியருக்குச் சம்பளம், மருந்து, வாகனம். நோயாளியின் வீட்டில் அரிசி இல்லையென்றால் அதுவும் சிகிச்சையின் பகுதிதான். 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை அறிவித்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. மரணம் குறித்து 2022இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை கேரளத்தை உலகுக்கு முன்னுதாரணமாகக் காட்டியது.

தமிழகத்திலும் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர் சேவைகள் உள்ளன. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்றவற்றில் இதற்கான பிரிவுகள் இயங்குகின்றன. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 104 உதவி எண்ணிலோ விசாரிக்கலாம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஒரு மௌத் செய்தி வந்தால் நம் மஹல்லாவில் என்ன நடக்கிறது? ஒரு மணி நேரத்தில் கபர் வெட்ட ஆள் போகிறது, கஃபன் வருகிறது, குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் வருகிறார்கள், மூன்று நாள் சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து வருகிறது. கொரோனா காலத்தில், சொந்தங்களே தொடத் தயங்கிய சகோதர சமய உடல்களையும் நம் இளைஞர்கள் கண்ணியமாக அடக்கம் செய்தார்கள், தகனத்துக்குக் கொண்டுசென்றார்கள். இந்த ஒழுங்கும் துணிவும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதை மௌத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்கு நீட்டினால் போதும்.

மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலை முதலில் எடுக்கலாம். பள்ளிவாசலில் ஃப்ரீசர் பாக்ஸ் வைத்திருக்கிறோம். அதன் பக்கத்தில் இரவல் கொடுக்க நான்கு மருத்துவக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி வைக்கலாம். பெண் நோயாளிகளைப் பார்க்கப் பெண்களே கொண்ட தன்னார்வக் குழுவை அமைத்து, அரசுச் செவிலியரைக் கொண்டு பயிற்சி தரலாம். வாரம் ஒரு மதியம் ஒருவர் போய் உட்கார்ந்தால், பராமரிக்கும் பெண் மூன்று மணி நேரம் தூங்குவார். சிகிச்சையால் கடனாளியான ஏழைக் குடும்பங்களுக்கு பைத்துல்மாலும் ஜகாத்தும் கைகொடுக்கலாம்.

ஆலிம்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சிறுநீர்ப் பையோடு தொழலாமா, தயம்மும் எப்படி, விட்ட நோன்புக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தொழுகையையே விட்டுவிட்டு, அந்தக் குற்றவுணர்ச்சியில் வெந்துகொண்டிருக்கும் நோயாளிகள் ஏராளம். மார்க்கம் தந்திருக்கும் சலுகைகளை வீட்டுக்கே போய்ச் சொல்லித்தரும் ஓர் இமாம், எந்த மாத்திரையும் தராத நிம்மதியைத் தருவார். ஜும்ஆவில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வஸிய்யத் பற்றியும், நோயாளியிடம் உண்மை பேசுவது பற்றியும் கேட்டால், வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்கும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கும்போதே, பெருநாளுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, உட்கார்ந்து பேசுங்கள். "எனக்கு முடியாமப் போனா எங்கே வச்சுப் பார்க்கணும், எதுவரைக்கும் போகணும், யார் முடிவு சொல்லணும்" என்பதைப் பெரியவர்களே சொல்லட்டும். கடனையும் அமானிதத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும். வஸிய்யத் செய்ய விஷயமுள்ள முஸ்லிம் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்க வேண்டாம் என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலில் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, அத்தா சொன்ன வார்த்தை ஒன்று கையில் இருந்தால் அது பெரிய ரஹ்மத்.

நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள உரிமைகளில் ஒன்று என்று சிறுவயதிலிருந்து படிக்கிறோம். பழப்பையோடு ஐந்து நிமிடம் போய்வருவதோடு அந்த உரிமை தீர்ந்துவிடாது. ஜனாஸாவின் சந்தூக்கைச் சுமக்க முந்தும் தோள்கள், அவர் உயிரோடு படுத்திருக்கும் கட்டிலின் ஒரு முனையையும் பிடிக்கட்டும்.